ஐயோ மேடமும் எலிப் புரதமும்

கோயமுத்தூர் ஜில்லா மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே ஆளாகப் பதறியவர் எங்கள் ஐயோ மேடம். எந்தப் பேச்சையும் "ஐயோ" என்றுதான் தொடங்குவார். காபி ருசியாக இருந்தால்கூட, "ஐயோ, நல்லாருக்குதுங்களே!" என்று பயப்படுவார்.

துடியலூரில் நான் வேலை பார்த்த ஆராய்ச்சிக்கூடத்தில் அவர் எலும்பு ஆராய்ச்சி செய்தார். எலும்பை வளரச் சொல்லி உடம்புக்குள் ஒரு சேதி ஓடும். செல்லின் மேல் உட்கார்ந்து அதை வாங்கிக்கொள்ள ஒரு புரதம் உண்டு. எலியின் மரபணுவை வைத்து லேபில் தயாரித்த அதே புரதத்தைத் தனியாக மிதக்கவிட்டால், சேதியை நடுவழியிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். செல்லுக்குப் போய்ச் சேராது. வளரக் கூடாத இடத்தில் எலும்பு வளர்ந்து ஆளை முடக்கிப்போடும் வியாதிக்கு இதில் ஒரு வழி கிடைக்காதா என்று மேடம் தேடிக்கொண்டிருந்தார்.

வெளிநாட்டிலிருந்து பொடியாக வந்த அந்தப் புரதம் குப்பிக்குள் கண்ணுக்கே தெரியவில்லை. "ஐயோ அம்மணி, காலிக் குப்பியை அனுப்பிப்போட்டாங்களா?" என்று வேர்த்தார். திறக்கும்போது பறந்துவிடுமோ என்று ஃபேனை நிறுத்தினார், ஏசியை நிறுத்தினார், கடைசியில் என்னை மூச்சுவிட வேண்டாம் என்றார். ஒருவழியாகக் கரைத்து, சின்னக் குழாய்களில் பிரித்து, ஃப்ரீசரில் உறையவைத்தோம்.

ஒரு சித்திரை மத்தியானம் அந்த ஃப்ரீசர் நின்றேவிட்டது. எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான். ஆர்.எஸ்.புரத்தில் மேடத்தின் தோழி ஒருவர் லேப் வைத்திருந்தார். குழாய்களை ஐஸோடு தெர்மாகோல் பெட்டியில் அடைத்து, என் ஸ்கூட்டரில் கிளம்பினோம்.

"ஐயோ, வெயிலுங்க... ஐயோ, மேடுபள்ளமுங்க..." என்று பின்னாலிருந்து முனகிக்கொண்டே வந்தார்.

கவுண்டம்பாளையத்தில் டிராஃபிக் போலீஸ்காரர் மறித்தார். அப்புறம்தான் திரும்பிப் பார்த்தேன். மேடம் தன் ஹெல்மெட்டைக் கழற்றிப் பெட்டிக்கு நிழலாகக் கவிழ்த்திருந்தார்.

"ஏனுங்க, பெட்டியில என்னங்க?"

"எலிங்க" என்றார் மேடம்.

அவர் சட்டென்று பின்வாங்கினார். "உசுரோடவா?"

"ஐயோ, எலி இல்லீங்க. எலிப் புரதமுங்க. எலும்பு சமாச்சாரம்."

"ஆஸ்பத்திரிக்கா கொண்டுபோறீங்க? ஆளு எப்படி இருக்காருங்க?"

'ஆமாம்னு சொல்லுங்க மேடம்' என்று முழங்கையால் இடித்தேன். மேடத்துக்குப் பொய் வராது.

"ஆளு யாரும் இல்லீங்க. இன்னும் லேப் தட்டுல செல்லு வளத்துத்தானுங்க பாத்துட்டிருக்கோம். என்னைக்காச்சும் ஒரு கொழந்தைக்கு ஆகுமுங்க. இப்ப உருகிப்போச்சுன்னா மறுபடி மொதல்ல இருந்துங்க." பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

போலீஸ்காரர் பெட்டியையும் மேடத்தையும் பார்த்தார். "மொதல்ல ஹெல்மெட்டைத் தலையில போடுங்கம்மா" என்று அதட்டிவிட்டு, நடுரோட்டில் போய் நின்று விசிலடித்து எங்களுக்கு வழி பண்ணிக் கொடுத்தார்.

குழாய்கள் உருகாமல் போய்ச் சேர்ந்தன. பிறகு, தட்டுகளில் செல்களை வளர்த்து, எலும்பை வளரச் சொல்லும் சேதியைக் கொடுத்துச் சோதனை நடந்தது. எலும்பு உருவானால் தட்டு சாயம் பிடித்துச் செக்கச் சிவக்கும். புரதம் விடாத தட்டு சிவந்தது. விட்ட தட்டு வெளுப்பாகவே கிடந்தது. நினைத்தது நடந்துவிட்டது. மேடமோ கண்ணை இறுக்க மூடியிருந்தார். புரதம் விட்டது சிவக்கவில்லை என்று சொன்னேன்.

"ஐயோ, சாயம் கெட்டுப்போச்சுங்களா?"

மறுபடி செய்தோம். மறுபடியும் வெளுப்பு. அதற்குப் பிறகே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார்.

அந்த வேலையை விட்டு வந்துவிட்டேன். ஆனாலும் நானும் மேடமும் இருப்பது பக்கத்துப் பக்கத்துத் தெரு. பேசிவிட்டுக் கிளம்பும்போதெல்லாம், "ஊடு சேந்ததும் போன் பண்ணுங்க கண்ணு" என்பார். என் வாசலில் நின்று செருப்பைக்கூடக் கழற்றாமல் போன் செய்கிறேன். முதல் மணி முழுசாக அடிப்பதற்குள் எடுத்துவிடுகிறார்.