சாமியானாவின் பலகைப் பிடிகள்

திண்டுக்கல்லிலிருந்து எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் கடலைப் பார்க்க அரை நாள் ஆகும். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு ஒரு கடல் விளையாட்டுக்கு இலக்கணம் வகுத்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் சாமியானா. பெற்றோர் வைத்த பெயர் வேறு ஏதோ இருந்திருக்கும். அது அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும்.

எங்கள் தெரு முனையில் பந்தல் சாமான் வாடகைக் கடை வைத்திருந்தார். நாற்காலி, பெஞ்சு, அண்டா, சிவப்பும் மஞ்சளுமாக ஜாலர் தொங்கும் சாமியானாத் துணி. ஒரு ஆனி மாதம் அந்தோணியார் கோயில் திருவிழாவுக்குத் துணியைக் கட்டிக்கொண்டிருந்தபோது காற்று அதை அப்படியே தூக்கிவிட்டது. கயிற்றைப் பிடித்திருந்த மற்ற ஆட்கள் விட்டுவிட்டார்கள். இவர் விடவில்லை. வரிசையாக நின்ற ஸ்கூட்டர்களைத் தாண்டி, கோயில்பிள்ளை வீட்டு மதிலையும் தாண்டி, வைக்கோல் படப்பில் போய் விழுந்தார். ஊரே சோடாவோடு ஓடியது. கண்ணைத் திறந்த மனிதர் கேட்ட முதல் கேள்வி:

“மேல போகையில என் காலு ரெண்டும் சேந்து இருந்துச்சா, அகண்டு இருந்துச்சா?”

உயிர் பிழைத்ததைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. பார்க்க எப்படி இருந்தது என்பதுதான் கவலை.

பிறகு கேபிள் டிவியில் ஒரு நாள் அந்த விளையாட்டைப் பார்த்துவிட்டார். இடுப்பில் பெரிய பட்டத்தைக் கட்டிக்கொண்டு, காலில் பலகையை மாட்டிக்கொண்டு, தண்ணீர் மேல் வழுக்கி ஓட வேண்டும். பட்டத்தைத் தலைக்கு மேலே இழுத்தால் ஆள் பலகையோடு ஆகாயத்துக்கு எழும்புவான். அங்கே இருக்கும் கொஞ்ச நேரத்தில் ஒரு கையை விட்டுப் பலகையை எட்டிப் பிடிக்க வேண்டும். எந்தக் கையால், எந்த ஓரத்தை, எப்படி வளைந்து பிடிக்கிறான் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு பிடிக்கும் ஒரு பெயர் உண்டு.

“அம்புட்டும் தீனிப் பேரா இருக்கு வாத்தியாரே” என்றார் என்னிடம். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியர். “ஒண்ணு முலாம்பழமாம், ஒண்ணு ஊசிப்போன மீனாம். வெள்ளைக்காரன் பசியோட பறக்குறான். நம்ம ஊருல நல்ல பேரா வைப்போம்.”

அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து, ஆடி வரைக்கும் ஊருக்கு வெளியே உள்ள குளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வளைகுடா நாட்டுக் கடற்கரை ஓட்டல் ஒன்றில் வேலை பார்த்த அவருடைய அக்கா மகன், யாரோ வெள்ளைக்காரர் தூக்கிப் போட்ட கிழிந்த பட்டம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். சாமியானா அதற்குத் தன் கடைத் துணியால் ஒட்டுப் போட்டார். ஜாலரைக்கூட வெட்டவில்லை. பலகை, கடையில் இருந்த பெஞ்சு. அதன் கால்களை அறுத்துவிட்டு, பாதத்தைச் செருக ஸ்கூட்டர் டியூபில் இரண்டு வார் வைத்து ஆணியடித்தார். பழனிப் பக்கமிருந்து காற்று இறங்கியதும் கல்யாண மண்டபமே ஆகாயத்தில் கிளம்பியது போல் இருந்தது.

கரையில் கூட்டம் கூடியது. பேகம்பூரிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். கடலை வண்டி வந்தது. சாமியானா ஒவ்வொரு பிடியையும் செய்து முடித்துக் கரையேறி, ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே பெயரை அறிவிப்பார். பலகையின் முன் மூக்கைப் பிடித்து வெளியே சாய்ந்தால் அது ‘கொடைரோடு பஸ்’. படிக்கட்டில் தொங்குகிறவனின் சாயலாம். பின்கையால் பின்முனையை எட்டிப் பறிப்பது ‘நத்தம் மாங்காய்’. குதிகால் பக்கம் கையை விட்டுத் துழாவினால் ‘செருப்பு தேடல்’. தொட்டுவிட்டு உடனே விட்டால் கணக்கில் வராது. “அது பிடி இல்லப்பு. விசாரிப்பு” என்பார்.

அவரைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்ததற்குக் காரணம் உண்டு. பட்டத்துக்குக் கயிறு எந்தக் கோணத்தில் கட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவன் நான். அதற்காக என்னையும் பறக்கவிட்டார். நான் ஒல்லி. அவருக்கோ தொப்பை. அவர் மேலே இருப்பது நான்கு எண்ணும் வரை. நான் ஏழு. எத்தனை முறை எண்ணினாலும் ஏழு! ஆனால் அவர் ஏறினால் குளக்கரை அதிர்ந்தது. நான் ஏறினால் கடலை உரித்தார்கள்.

“ஏலே, வாத்தியார் ஏறிட்டாரு. இறங்குனதும் சொல்லு, நான் டீ குடிச்சிட்டு வாரேன்” என்று ஒருவன் சொன்னது மேலே எனக்குக் கேட்டது.

இறங்கியதும் சாமியானாவிடம் நியாயம் கேட்டேன். “உம்மைவிட ரெட்டை உயரம் போறேன்யா நான்!”

“போறீக. யாரு இல்லேன்னா? ஆனா காயப்போட்ட சட்டை மாதிரில தொங்குறீக!”

அதையும் பொறுத்துக்கொண்டேன். டீக்கடை மாஸ்டர் பெயரில் ஒரு பிடி வந்தது. அதையும் பொறுத்துக்கொண்டேன். தண்ணீரில் படுத்தபடி அண்ணாந்து பார்த்த ஓர் எருமையின் பெயரில் ஒன்று வந்தபோதுதான் என்னால் முடியவில்லை.

“எருமைக்கு இருக்கு. எனக்கு இல்லையா?”

“பேரு என்ன கேட்டு வாங்குற சாமானா வாத்தியாரே? யாரும் செய்யாத ஒரு பிடி கொண்டாங்க. வைக்கிறேன்.”

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. வீட்டில் ஊஞ்சல் கொக்கியில் கயிறு கட்டித் தொங்கி, காலில் மணைப் பலகையைக் கட்டிக்கொண்டு பழகினேன். என் மனைவி வெஞ்சனக் கரண்டியோடு வந்து நின்று பார்த்தாள்.

“ஏங்க, இது எதுக்கு?”

“என் பேர் நிலைக்கிறதுக்கு.”

“கொக்கி நிலைக்குமான்னு பாருங்க முதல்ல.”

நான் கண்டுபிடித்த எல்லாமே ஏற்கெனவே பெயர் வைக்கப்பட்டவையாகவே இருந்தன. இதற்குள் குளத்துத் தண்ணீரும் முட்டிக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரு வாரம் போனால் சேறுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தோணியார் கோயிலில் பூசை முடிந்த கையோடு குளத்துக்குப் போனேன். அதுதான் கடைசி வாய்ப்பு என்று எனக்குத் தெரியும்.

காற்று நன்றாகத் தூக்கியது. உச்சிக்குப் போனதும் வலது கால் வார் ஆணியோடு பிடுங்கிக்கொண்டது. பலகை கழன்று கீழே நிற்கிற ஜனங்கள் தலையில் விழப்போகிறது. இடது கையைப் பின்னால் விட்டு அதன் ஓரத்தைப் பிடித்து முதுகோடு சேர்த்து இறுக்கினேன். அதே நொடியில் மூக்குக் கண்ணாடி நழுவியது. அது போனால் எனக்குக் கரையே தெரியாது. தலையைச் சாய்த்து, தோளுக்கும் தாடைக்கும் நடுவில் கண்ணாடியை இடுக்கிக்கொண்டேன். அப்புறம் பயத்தில் எதையும் விடவில்லை. எண்ணக்கூட மறந்துவிட்டேன். தண்ணீரில் பொத்தென்று விழுந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தால் கரையில் விசில் பறக்கிறது.

“அண்ணே, வண்டி ஓட்டிக்கிட்டே செல்போன் பேசுற மாதிரியே இருந்துச்சுண்ணே! ‘செல்போன்’னு வைங்க!” என்று சாமியானாவைப் பார்த்துக் கத்தினார்கள். கூட்டம் முழுக்க அதையே பிடித்துக்கொண்டது. இதுவும் போயிற்று.

சாமியானா இரண்டு கையையும் தூக்கிக் கூட்டத்தை அடக்கினார்.

“செல்போனா பறந்துச்சு? பறந்தது யாரு? இந்தப் பிடிக்குப் பேரு ‘வாத்தியார்’. மாத்திச் சொல்றவன் என் கடையில நாக்காலி எடுக்க வராத.”

அதோடு விட்டிருந்தால் நான் நிம்மதியாகச் செத்துப்போயிருப்பேன். விடவில்லை. வாரை அங்கேயே கல்லால் அடித்து மாட்டிக்கொண்டு, என்னிடம் கையை நீட்டினார்.

“அந்தக் கண்ணாடியக் குடுங்க, செத்த நேரம்.”

“எதுக்கு?”

“கண்ணாடி இல்லாம இந்தப் பிடி எப்படி வாத்தியாரே?”

என் கண்ணாடியோடு கிளம்பினார். எனக்கு எல்லாம் மங்கல். முதலில் ஜாலர் வைத்த சிவப்பு மஞ்சள் மட்டும் தெரிந்தது. கண்ணை இடுக்கிப் பார்த்தேன். அதற்குக் கீழே, பலகையை முதுகோடு அணைத்து, தலையைத் தோளில் சாய்த்து, அந்தரத்தில் யாரோ சொல்லும் நல்ல சேதியைக் கேட்டுக்கொண்டிருப்பது போல ஒரு மனிதர் மிதந்தார். வேகமாக ஒரு அசைவு இல்லை. என் பதற்றம், என் சாய்வு, என் இறுக்கம் எல்லாம் அப்படியே இருந்தன. ஆனாலும் பார்க்கப் பார்க்கத் திகட்டவில்லை.

பறக்கிறவனால் தான் பறப்பதைப் பார்க்க முடியாது. அன்று கரையில் நின்று நான் என்னைப் பார்த்தேன். இன்று வரைக்கும் அந்த மனிதர் மேல் எனக்குப் பொறாமைதான். என்னை அவ்வளவு அழகாகச் செய்ய என்னாலேயே முடியவில்லை.