லெஃப்ட் அண்ணனின் வலது கை

சிங்கப்பூரில் இடது கையால் சோறு சாப்பிட்டுவிட்டு, அதற்கு விஞ்ஞான விளக்கமும் கொடுத்த ஒரே தமிழர் எங்கள் லெஃப்ட் அண்ணன்தான். சொந்தப் பெயர் அவருடைய சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

துவாஸில் ஒரு மருந்துத் தொழிற்சாலை. அவர் உற்பத்திப் பிரிவில் பொறியாளர், நான் தரப் பிரிவில். காலையில் பூன் லேயில் கம்பெனி பஸ் ஏறினால் இறங்கும்வரை அவருடைய என்சைம் புராணம்தான். தமிழாசிரியர்கள் நொதி என்பார்களே, அதுதான். நாங்கள் செய்தது சர்க்கரை நோய்க்கான மருந்து. அதன் மூலக்கூறு நம் இரண்டு கைகளைப் போல இரு வடிவங்களில் வரும். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றின் கையுறை மற்றதற்குச் சேராது. அதில் இடக்கை வடிவம்தான் நோய்க்கு வேலை செய்யும், மற்றது குப்பை.

"முன்னாடி உலோகத்தைப் போட்டு, பெரிய டாங்க்ல பிரஷர் ஏத்திச் செஞ்சாங்க. ரெண்டு கையும் கலந்து வரும். வேண்டாததைப் பிரிச்சு வீசணும். இப்ப என்சைம். வெதுவெதுன்னு தண்ணி இருந்தா போதும், இடக்கையை மட்டும் செஞ்சு குடுத்துட்டு அது பாட்டுக்கு அடுத்ததைப் பார்க்கப் போயிடும். உலகத்துல இடக்கைக்கு மரியாதை குடுக்கிற ஒரே ஜீவன் லா அது!"

"அது ஜீவன் இல்லண்ணே, வெறும் புரதம்."

"உன்னைவிட அதுக்குச் சுறுசுறுப்பு அதிகம்."

சூடு அளவு தாண்டினால் என்சைம் சுருண்டு வீணாகிவிடும். ஒருநாள் குளிர்நீர் பம்பு மக்கர் செய்தது. பம்பு சரியாகும்வரை அண்ணன் என்சைம் இருந்த கலனை விட்டு நகரவில்லை. அதைத் தடவிக்கொடுத்து, "கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். யாரோடு பேசுகிறார் என்று சீன மேற்பார்வையாளர் என்னைக் கேட்டார். சொந்தக்காரர்களோடு என்றேன்.

லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு அவருடன் போவது ஒரு சோதனை. அவர் இடது முழங்கையும் என் வலது முழங்கையும் முட்டி, என் ரசம் அவர் மடியில் கொட்டும். அடுத்த மேசைக்காரர்கள் முகம் சுளித்தால் இவர் மாத்திரை, மூலக்கூறு என்று ஆரம்பித்துவிடுவார். அவர்கள் பாயசத்துக்குக்கூடக் காத்திராமல் எழுந்து போவார்கள்.

அப்படி ஊருக்கே அஞ்சாதவரை மகளின் நிச்சயதார்த்தம் அடக்கிவிட்டது. வெற்றிலைத் தட்டை வழக்கம்போல் இடது கையை முன்னால் நீட்டிக் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா வாங்கவில்லை. "சம்பந்தி, வலது கையில குடுங்க" என்றார் மெதுவாக. மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் பஸ்ஸில் அண்ணன் என்சைமைப் பற்றிப் பேசவே இல்லை. தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கல்யாணத்தன்னிக்கு என் பொண்ணு கையை வலது கையாலதான் பிடிச்சுக் குடுப்பேன். இல்லன்னா போற வீட்டுல காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்க."

அன்றிலிருந்து பயிற்சி. கேண்டீனில் வலது கையால் சாப்பிட்டார். பாதி சோறு வாய்க்கும் மீதி சட்டைக்கும் போனது. உற்பத்தித் தாள்களில் வலது கையால் கையெழுத்துப் போட, அவர் கையெழுத்தையே போலி என்று நான் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. பஸ்ஸில் என் கையைப் பிடித்து, அடுத்த சீட்டு பங்களாதேஷ் பையன் கையில் வைத்து ஒத்திகை பார்ப்பார். எத்தனையோ முறை எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது. கடைசியில் வலது கை படிந்தே விட்டது. ஒரு பருக்கை சிந்தாமல் பிரியாணி சாப்பிட்டுக் காட்டிய அன்று எங்கள் மேசையே கைதட்டியது.

பத்திரிகை கொடுத்து முடித்த சமயத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. கடவுளுக்கு எடுத்துக்கொள்ள வேறு கையே கிடைக்கவில்லையா என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நான் வாய்விட்டுத் திட்டினேன். இன்றும் அந்தக் கோபம் தீரவில்லை.

குறித்த நாளில் கல்யாணம் நடந்தது. சக்கர நாற்காலியில் பட்டு வேட்டியோடு இருந்தார். பெண்ணின் கையைப் பிடித்துக் கொடுக்கச் சொன்னார் ஐயர். அண்ணன் தன் இடது கையால் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். அது மடியிலேயே விழுந்தது. மறுபடி தூக்கினார். மறுபடியும் விழுந்தது. வாயைக் கோணிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

மாப்பிள்ளையின் அம்மா கிட்டே வந்தார். "சம்பந்தி, இந்தக் கையில குடுங்க" என்று அவருடைய இடது கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அந்தக் கையால்தான் அண்ணன் மகளைக் கொடுத்தார். அதன்பிறகு அந்த அம்மாள் வெற்றிலைத் தட்டை நீட்டச் சொல்லி, அதையும் அதே கையிலிருந்து இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

அந்த வருஷம் தீபாவளிக்கு முன்பே அண்ணன் போய்விட்டார். தொழிற்சாலையில் என்சைம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இப்போது எனக்கும் சர்க்கரை, அதே மாத்திரைதான். என் மனைவி திட்டத்தான் செய்கிறாள். ஆனாலும் தினமும் காலையில் அதை இடது கையால்தான் எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறேன், அண்ணன் கொடுத்ததாக நினைத்து.