குரோம் கேசட்டில் ஒரு நிச்சயதார்த்தம்

படித்ததை மறந்துவிட்டவனால் குடும்பத்துக்குப் பெரிய கேடு ஒன்றும் வந்துவிடாது. படித்ததை வீட்டு விசேஷத்தில் பயன்படுத்த நினைப்பவன்தான் ஆபத்தானவன். எண்பதுகளின் கடைசியில் எங்கள் வீட்டில் அந்த ஆபத்தானவன் நான்.

அப்போது ராஜபாளையத்தில், மில் இயந்திர உருளைகளுக்குக் குரோமியம் முலாம் பூசும் பட்டறை ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தேன். (மற்றவர்கள் தொட்டியில் எதையாவது முக்கும்போது தள்ளி நின்று பார்க்கும் வேலை.) கெமிஸ்ட்ரி டிகிரி வேறு. துருப்பிடிக்காது, அழுக்கு ஒட்டாது, துணியால் ஒரு துடை துடைத்தால் போதும் என்று, வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் குரோமியத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்வேன். தெருவில் யாருடைய சைக்கிள் ஹேண்டில்பார் மின்னினாலும் அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு.

அந்தச் சமயத்தில் துபாயிலிருந்து வந்த நண்பன் ஒரு கேசட் கொடுத்தான். சாதாரண கேசட்டின் நாடாவில் இருப்பது இரும்பு ஆக்சைடு, செம்பழுப்பாக இருக்கும். இதில் பூசியிருந்தது குரோமியம் டை ஆக்சைடு, கன்னங்கரேலென்று இருந்தது. எனக்கு சாமி பிரசாதம் கிடைத்த மாதிரி.

செல்வி அக்காவைப் பெண் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தவர்கள் திரும்பிப்போன சாயங்காலம்தான் அதைச் சோதித்துப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அப்பா அங்கே பால்கோவா கடை வைத்திருந்தார். அவர்கள் பஸ் ஏறியதும் எங்கள் வீட்டார் உட்கார்ந்து எல்லோரையும் அலசினார்கள். மேஜையில் டேப் ரெக்கார்டர் அதைப் பதிந்துகொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் நான் மட்டும் போட்டுக் கேட்டுச் சிரித்தேன்.

நிச்சயதார்த்தத்துக்கு நாதஸ்வரம் பேச அப்பா கிளம்பியபோது வழிமறித்தேன்.

"எதுக்குப்பா வீண் செலவு? ரேடியோவுல வாசிக்கிறத நான் குரோம் கேசட்டுல பதிஞ்சு தாரேன். பொறவு பாருங்க சத்தத்த."

"ஏலே, அதுல என்னமோ பதிஞ்சு வச்சுத் தனியாச் சிரிச்சுக்கிட்டு இருந்தயே?" என்றாள் அம்மா.

"அது குரோமியம்மா. மேல பதிஞ்சா பழசு தொடச்சு விட்ட மாதிரி போயிரும்."

ஹேண்டில்பாருக்கான விதியை நாடாவுக்கும் நீட்டிவிட்டேன். உண்மை நேர்மாறு. குரோமியம் டை ஆக்சைடு பிடித்த காந்தத்தை லேசில் விடாது. அதை அழிக்க அதற்கென்று வலுவான ரெக்கார்டர் வேண்டும். எங்களுடையது சாதாரண கேசட்டையே முக்கி முனகி அழிக்கும். ஆக, நாதஸ்வரம் மேலே பதிந்தது, வீட்டார் பேச்சு அடியில் பதுங்கிக்கொண்டது. வீட்டு ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தபோது எதுவும் காதில் விழவில்லை.

நிச்சயத்தன்று வாசலில் பந்தல், தெருவுக்கு இரண்டு குழாய் ஒலிபெருக்கி. சம்பந்தி தாம்பூலத் தட்டைக் கையில் எடுத்த நேரம் முதல் கீர்த்தனை முடிந்தது. அடுத்ததற்கு முன் நீண்ட இடைவெளி. (நடுவில் ரேடியோவில் செய்தி வந்ததால், ரேடியோ ஒயரைக் கழற்றிவிட்டு நாடாவை மட்டும் ஓட விட்டிருந்தேன். கெட்டிக்காரத்தனம்.) அந்த இடைவெளியில், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல, அம்மாவின் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

"பால்கோவா கடை வச்சிருக்காகளாம். ஒரு கால் கிலோ கொண்டாந்தா கொறஞ்சா போயிருவாக?"

பின்னாலேயே அப்பா: "கஞ்சம்னாலும் போகட்டும். அந்த மனுசன் பேச்ச நிப்பாட்டவே மாட்டாரு போல. இன்னும் செத்த நேரம் இருந்தா என் காது போயிருக்கும்."

தட்டு அந்தரத்தில் நின்றது. அது கை மாறாவிட்டால் அக்காவுக்குக் கல்யாணம் இல்லை. புத்தியுள்ளவன் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கியிருப்பான். நான் சம்பந்தியின் முன்னால் போய் நின்று, "மாமா, இது குரோமியம் டை ஆக்சைடு. இதோட காந்த சக்தி என்னன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"குரோமியம் கெடக்கட்டும் தம்பி. செத்த சும்மா இருங்க, கேப்போம்," என்றார் அவர். மைக்செட்காரரைப் பார்த்து, சத்தத்தைக் கூட்டச் சொல்லித் தலையை ஆட்டினார்.

அடுத்து வந்தது அக்காவின் குரல்.

"கொண்டாராட்டிப் போறாக. பேசுனாப் பேசிட்டுப் போறாரு. எனக்கு அவியளப் பிடிச்சிருக்கும்மா. வேற எங்கயும் பாக்க வேண்டாம்."

அந்தக் காலத்தில் பெண்கள் சம்மதத்தைத் தலைகுனிந்துதான் சொல்வார்கள். எங்கள் அக்கா இரண்டு குழாய் ஒலிபெருக்கியில் சொன்னாள். மாப்பிள்ளைக்குக் காது சிவந்துவிட்டது. சம்பந்தி ஒரு வார்த்தை பேசாமல் தட்டை அப்பாவிடம் நீட்டினார். எனக்கு உயிர் வந்தது. கல்யாணத்துக்கு அவர் கடையிலிருந்து ஓர் அண்டா பால்கோவா வந்தது. அப்பாவும் அம்மாவும் அந்தப் பக்கமே போகவில்லை.

கேசட்டை அத்தான் கேட்டு வாங்கிக்கொண்டார். இன்றைக்கும் அக்கா கோபத்தில் "ஒங்களக் கட்டி என்னத்தக் கண்டேன்" என்று ஆரம்பித்தால், எழுந்து போய் பீரோவைத் திறக்கிறார். போட்டுக் காட்ட அந்த வீட்டில் டேப் ரெக்கார்டர் இல்லாமல் பல வருஷமாகிறது. கேசட்டை எடுத்து அவள் முன்னால் வைப்பதோடு சரி. அக்கா அவரை விட்டுவிட்டு, அங்கே இல்லாத என்னைத் திட்ட ஆரம்பிக்கிறாள்.