ஐஸ் கம்பெனிச் சுவரில் நான் மாட்டிய மணி

மெஷின் கெட்டுப்போவது சகஜம். அது கெட்டுப்போன சங்கதியை ஊருக்கே சொல்ல ஒருத்தன் மெனக்கெட்டு ஏற்பாடு செய்கிறான் பாருங்கள், அவனைத்தான் கட்டிவைத்து உதைக்க வேண்டும். அனுபவத்தில் சொல்கிறேன். அந்த ஏற்பாட்டைச் செய்தவன் நான்.

எண்பதுகளின் தொடக்கம். எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்த கையோடு, கோவில்பத்திலிருந்து சைக்கிள் மிதித்துப் பட்டினச்சேரிப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வேலை தற்காலிகம், கர்வம் மட்டும் நிரந்தரம். (எங்கள் தெருவிலேயே டிப்ளமோ படித்தவன் நான் ஒருத்தன்தான். தெருவில் இருந்ததே ஏழெட்டு வீடு.)

அந்தச் சமயத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் வசந்தாவைப் பார்த்துவிட்டேன். எனக்குப் பாயசம் ஊற்றினாள். கட்டினால் இவளைத்தான் என்று இலையை மூடுவதற்குள் முடிவாகிவிட்டது. அத்தையை விட்டுப் பேசச் சொன்னேன். திருநள்ளாறு பக்கத்தில் விவசாயம் பார்க்கும் அவள் அப்பா ஒரே வரியில் பதில் சொல்லி அனுப்பினார்: "பையன் வேலை பர்மனென்டான்னு நானே ஒருநாள் வந்து விசாரிச்சுக்கறேன்."

எங்கள் பக்கத்தில் விசாரிப்பதென்றால் வீட்டுக்கு வருவதில்லை. பையன் வேலை பார்க்கும் இடத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் துண்டைப் போட்டுக்கொண்டு, யாரோ வழிப்போக்கன் மாதிரி நின்று கேட்பது. அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. அதனால் டீக்கடையில் துண்டு போட்ட அத்தனை பேருக்கும் வணக்கம் வைக்க ஆரம்பித்தேன்.

வேலையைப் பர்மனென்ட் ஆக்கச் சொல்லி முதலாளியிடம் போய் நின்றேன். அவருக்கும் ஒரு தலைவலி இருந்தது. கம்ப்ரஸர் மோட்டார் அவ்வப்போது நின்றுவிடும். ஆபரேட்டர் சொக்கலிங்கம் அண்ணன் அந்த நேரம் பார்த்து டீக்கடையில் இருப்பார். ஐஸ் உறைய வைக்கும் உப்புத்தண்ணித் தொட்டி சூடேறி, ஐஸ் பார் வெளியே கெட்டியாகவும் உள்ளே தண்ணீராகவும் வந்து நிற்கும்.

"தம்பி, மோட்டாரு நின்னா எதிர்வீட்டுல இருக்கிற எனக்கு உடனே தெரியணும். அதுக்கு ஒரு வழி பண்ணு. பண்ணிட்டேன்னா நீ பர்மனென்ட்" என்றார்.

அன்றைக்கே ஒரு எலக்ட்ரிக் மணியை வாங்கி மாட்டினேன். மோட்டாரை நிறுத்திக் காட்டினேன், அடித்தது. முதலாளி முதுகில் தட்டினார். மறுநாள் கரண்ட் போனது. மோட்டார் நின்றது. மணி கம்மென்று இருந்தது.

"ஏண்டா, கரண்டு போனா மணி எப்படி அடிக்கும்?" என்றார் முதலாளி. முந்தின நாள் 'தம்பி', இன்றைக்கு 'ஏண்டா'. எனக்கு வசந்தா கையிலிருந்த பாயச வாளி கண்ணிலிருந்து மறைவது போலிருந்தது.

விடுவேனா? ஒரு பழைய லாரி பாட்டரி பிடித்தேன். பள்ளிக்கூடத்தில் மாட்டுகிற பெரிய மணி ஒன்றைத் தேடிப்பிடித்து, முதலாளி வீட்டுக்குக் கேட்க வேண்டுமே என்று ரோட்டைப் பார்த்த வெளிச்சுவரில் அறைந்தேன். நடுவில் ஒரு ரிலே. கரண்ட் இருக்கும்வரை அது பிடித்துக்கொண்டிருக்கும், போனால் விட்டுவிடும், விட்டதும் பாட்டரியில் மணி அடிக்கும். சொக்கலிங்கம் அண்ணன் தூங்குவதற்காக நிறுத்திவிடக் கூடாதென்று சுவிட்சே வைக்கவில்லை. எல்லாவற்றையும் இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டிச் சாவியை முதலாளியிடம் கொடுத்தேன். (இவ்வளவு பிடிவாதத்தைப் படிப்பில் காட்டியிருந்தால் இன்ஜினியரே ஆகியிருப்பேன்.)

குறுவை நேரம் அது. காலையில் மூணு பேஸ் கரண்ட் வந்ததும் சுற்றுவட்டாரத்து பம்புசெட்டெல்லாம் ஒரே மூச்சில் ஓட ஆரம்பிக்கும். வோல்டேஜ் படுத்துவிடும். மோட்டார் முனகிக்கொண்டாவது ஓடும். என் ரிலே சொகுசுக்காரன், பிடியை விட்டுவிடுவான். மணி அடிக்கும். வோல்டேஜ் கொஞ்சம் ஏறினால் நிற்கும், இறங்கினால் மறுபடி அடிக்கும்.

முதலாளிக்குச் சந்தோஷம்தான். "பய மணி ஒழுங்கா வேலை செய்யுது" என்பார். ஆனால் மீன் வியாபாரம் செய்யும் பெண்களிடம் சொக்கலிங்கம் அண்ணன் என் புகழைப் பாடியிருக்கிறார்: "தம்பி வச்ச மணி. அது அடிச்சா ஐஸு சரியில்லைன்னு அர்த்தம்."

அது போதாதா? மணி அடித்தால் கூடையைத் தூக்கிக்கொண்டு, அடுத்த வளைவிலிருந்த இன்னொரு ஐஸ் கம்பெனிக்கு நடந்துவிடுவார்கள். ஏன் ஐஸ் விற்கவில்லை என்று எங்களுக்குப் புரியவில்லை. கடலில் மீன்பாடு இல்லை போலிருக்கிறது என்று முதலாளி கடலைக் குறை சொன்னார்.

நல்ல பாடு கிடைத்த ஒரு காலையில்தான் புரிந்தது. வாசலில் கூடையும் வண்டியுமாகக் கூட்டம். முதலாளி காரைக்காலுக்குப் போயிருந்தார், சாவியோடு. மணி அடித்தது. கூட்டம் மொத்தமும் கூடையைத் தூக்கியது.

ஓடிப்போய் முன்னால் நின்ற மீன்காரி அஞ்சலை அக்காவை மறித்தேன். "எங்க போறீங்க? ஐஸ் நல்லாத்தான் இருக்கு."

"மணி அடிக்குதே."

"அது சும்மா அடிக்குதுங்க."

"சும்மா அடிக்கவா சொவத்துல மாட்டி வச்சிருக்க? மோட்டாரு ஓடுதா, நிக்குதா? அத மட்டும் சொல்லு."

"ஓடுது."

"ஓடுறப்பவும் அடிக்கும், நிக்கிறப்பவும் அடிக்கும்னா அது என்னாத்துக்கு?"

ஏணியைச் சாத்தி ஏறினேன். மணியின் வாயை அடைக்கக் கைக்கு எதுவும் அகப்படாததால் சட்டையைக் கழற்றித் திணித்தேன். அப்போதும் தொண்டை கட்டினவன் மாதிரி கொரகொரவென்றது. இறங்கி உள்ளே ஓடி, உடைந்த ஐஸ் பார் ஒன்றை வெற்று மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு நடுரோட்டில் வந்து நின்றேன். பல் கிடுகிடுத்தது.

"பாத்துக்குங்க, உள்ள வரைக்கும் கெட்டி. இனிமே இந்த மணியை யாரும் நம்பாதீங்க" என்று கத்தினேன். "திருநள்ளாறு பக்கத்து விவசாயிங்க எல்லாரும் ஒரே நேரத்துல மோட்டாரைப் போட்டுத் தொலைக்கிறாங்க. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

டீக்கடையிலிருந்து துண்டு போட்ட பெரியவர் ஒருத்தர் மெதுவாக ரோட்டைக் கடந்து வந்தார்.

"தம்பி, இந்த மணிய வச்சது யாரு?"

"நான்தாங்க."

"நம்பாதீங்கன்னு சொல்றது?"

"அதுவும் நான்தாங்க."

"சரிதான்" என்றவர், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காலையில மோட்டாரைப் போட்டுத் தொலைச்சுட்டுத்தான் நானும் பஸ் ஏறினேன். நான் வசந்தாவோட அப்பா."

ஐஸ் காலில் விழுந்தது. வலி அன்று சாயங்காலம்தான் தெரிந்தது. அவர் வந்த வழியே பஸ் ஏறிப் போய்விட்டார். அஞ்சலை அக்கா உள்ளே வந்து மோட்டார் சத்தத்தைத் தன் காதால் கேட்டபிறகே ஐஸ் எடுத்தார். முதலாளி திரும்பி வந்து, மணியின் வாயில் தொங்கிய என் சட்டையைப் பார்த்து, "ரெண்டையும் இறக்குடா" என்றார். பர்மனென்ட் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. பெண்ணும் போச்சு, வேலையும் போச்சு என்று அன்றைக்கு நிஜமாகவே அழுதேன்.

நாலைந்து நாள் கழித்து அத்தை வந்தாள். அவர் சொல்லி அனுப்பியதை அப்படியே ஒப்பித்தாள்: "தப்பு பண்ணினா ஊரைக் கூட்டி அவனே சொல்லிடறான். எம்பொண்ணை ஏமாத்த அவனுக்குச் சாமர்த்தியம் பத்தாது. வேலை மெதுவா நெலைக்கட்டும், தேதியப் பாருங்க."

கல்யாணம் ஆயிற்று. வேலையும் பிற்பாடு நிரந்தரமாயிற்று. ஆனால் என் மாமனார் நடந்ததை ஒன்றுவிடாமல் மகளிடம் சொல்லிவைத்துவிட்டார். அன்றிலிருந்து நான் தலைவலி, கால்வலி என்று எதைச் சொன்னாலும் வசந்தா உடனே நம்புவதில்லை.

போன மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, என்னமோ பண்ணுகிறது என்றேன். பிள்ளைகள் பதறிவிட்டார்கள். வசந்தா வந்து என் நெஞ்சில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"மோட்டாரு ஓடுது. மணிதான் அடிக்குது" என்றாள். "மத்தியானம் எத்தனை வடை தின்னீங்க?"