மேகம் எங்கள் மாடிக்கு மட்டும்

“நாளையிலேருந்து தினமும் காலையில இந்தச் சோலார் பலகையெல்லாம் துடைக்கணும்” என்று குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஒரு வாளியையும் நீளக் கைப்பிடி வைத்த துடைப்பானையும் நீட்டினார். டீசல்காரருக்குத் தன் குழியைத் தானே வெட்டிக்கொள்ளச் சொல்லி மண்வெட்டி கொடுத்ததுபோல் இருந்தது.

அந்த ஐந்து மாடிக் குடியிருப்பில் மின்சாரம் நினைத்தபோது போகும். போனதும் ஓடிப்போய் ஜெனரேட்டரைக் கிளப்பி, லிஃப்டையும் தண்ணீர் மோட்டாரையும் ஓடவைப்பதுதான் அவர் வேலை. பதினாறு வருடமாக அங்கே அவருக்கு டீசல் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இப்போது மொட்டைமாடி முழுக்கச் சோலார் பலகைகள். ஒரு மாதம் வெள்ளோட்டம். அதற்குள் சூரியன் பேர் வாங்கிவிட்டால் ஜெனரேட்டரை விற்றுவிடுவது என்று சங்கத்தில் தீர்மானம். ஜெனரேட்டர் போனபின் ஜெனரேட்டர்காரர் எதற்கு?

பலகைகளைப் பொருத்திய கம்பெனியின் இன்ஜினியர் ஒரு சின்னப் பெண். டீசல்காரர் முதல் நாளே அவளை மடக்கினார்.

“ஏம்மா, வெயிலை வச்சு எண்ணெயை ஒழிச்சிட முடியுமா?”

“ஒரே நாள்ல முடியாதுண்ணா. கப்பலு, விமானம் எல்லாம் இன்னும் ரொம்ப நாள் எண்ணெயிலதான் ஓடும். ஆனா ஒரு லிஃப்டை அஞ்சு மாடி ஏத்தி இறக்க, பூமியைத் துளைச்சு எண்ணெய் எடுக்கணுமா சொல்லுங்க?”

“மழை வந்தா?”

“மழையிலயும் கொஞ்சம் வரும். பேட்டரி இருக்கு. பலகை மட்டும் சுத்தமா இருக்கணும். அது உங்க கையிலதான் இருக்கு.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

ஒரு வாரம் அவர் வாளியைத் தொடவில்லை. பக்கத்தில் புதுக்கட்டட வேலை. சிமென்ட் தூசி பவுடர் பூசியதுபோல் படிந்தது. ஆனால் எட்டாம் நாள் செயலாளரே மாடிக்கு வந்து பலகையில் விரலை வைத்துக் கோடு கிழித்துப் பார்த்தார்.

“என்ன டீசலு, இதுல கோலமே போடலாம்போல இருக்கே?”

அன்றிலிருந்து காலையில் செயலாளர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, டீசல்காரர் துடைத்து முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

சரி, துடைப்பதுதானே வேலை, அழுக்காக்குவது வேறு யாராவது செய்யட்டும் என்று டீசல்காரர் புறாக்களுக்குத் தானியம் போட்டார். முதல் நாள் ஐந்து புறா. மூன்றாம் நாள் ஐம்பது. அவை தானியத்தை மாடியில் தின்றன. நன்றியைப் பலகைகளில் செலுத்தின. ஆனால் பலகைக்கும் கொடியில் காயும் செயலாளரின் வெள்ளைச் சட்டைக்கும் புறாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. சட்டைகளைத் துவைக்கும் வேலையும் டீசல்காரர் தலையிலேயே விழுந்தது. பதினாறு வருடத்தில் அவர் இப்படி உழைத்ததே இல்லை.

“புறாவுக்கு ஒரு வலை கட்டித் தொலைங்க!” என்றார் செயலாளர்.

வாய்ப்பு வீடு தேடி வந்தது. செடிகளுக்கு நிழலுக்காகக் கட்டும் அடர்த்தியான பச்சை வலையாகப் பார்த்து வாங்கிவந்து, பலகைகளுக்கு மேலே இழுத்துக் கட்டினார். புறாவும் வரவில்லை, வெயிலும் வரவில்லை. முழங்கால் வலியில் செயலாளரும் மேலே வருவதை நிறுத்திவிட்டார்.

மறுநாள் இன்ஜினியர் போன் செய்தாள். “அண்ணா, இங்க கம்ப்யூட்டர்ல உங்க மாடிக் கரண்டு ரொம்பக் கம்மியா காட்டுதே. அங்க மேகமா?”

“பயங்கர மேகம்மா. இருட்டிக்கிட்டு நிக்குது.”

“ரெண்டு தெரு தள்ளித்தானே எங்க ஆபீஸ்? இங்க வெயில் மண்டையைப் பிளக்குதே!”

டீசல்காரர் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். அது துடைத்துவைத்த மாதிரி இருந்தது. “எங்க மாடிக்கு மேல மட்டும்தான்மா நிக்குது” என்றார்.

மூன்றாம் நாள் நண்பகலில் மின்சாரம் போனது. பேட்டரி இரண்டு நிமிடம் முக்கிப் பார்த்துவிட்டு அடங்கியது. மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றது. டீசல்காரர் நான்காம் மாடிக்கு இறங்கி ஓடிவந்ததும் உள்ளேயிருந்து ஒரு குரல்.

“ஏங்க! நீங்க அங்கதான் இருக்கீங்களா?”

அவர் மனைவி. அவர் மறந்துவிட்டு வந்த மதியச் சாப்பாட்டைக் கொண்டுவந்தவள்.

“நீ ஏன் இதுல ஏறினே?”

“மாடியில இருக்கீங்கன்னு சொன்னாங்க, ஏறினேன். இது இப்படி நடுவுல நிக்கும்னு எவன் கண்டான்? மூச்சு முட்டுதுங்க!”

அவர் கீழே ஓடினார். இதோ, அவருடைய நேரம் வந்துவிட்டது. எண்ணெய் ஏன் வேண்டும் என்று உலகத்துக்கே காட்டப்போகிறார். ஜெனரேட்டர் சாவியைத் திருகினார். டிக் என்றது. மறுபடி திருகினார். அந்த டிக்கும் இல்லை. இருபது நாளாக அதைத் தொடாமல் பலகைகளோடு மல்லுக்கட்டியதில், அதைக் கிளப்பும் பேட்டரி செத்துப்போயிருந்தது.

ஐந்து மாடியும் படியேறி ஓடினார். வலையைப் பிய்த்தெறிந்தார். துடைப்பானைத் தேட நேரமில்லை. சட்டையைக் கழற்றி ஒவ்வொரு பலகையாகத் துடைத்தார். “கொஞ்சம் பாரேன், நல்லா இருப்பே” என்று சூரியனிடம் வாய்விட்டுக் கெஞ்சினார்.

சூரியன் பழசை மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை. கால் மணி நேரத்தில் லிஃப்ட் முனகிக்கொண்டு நகர்ந்தது. கதவு திறந்தபோது மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வேர்வை. சாப்பாட்டுப் பையை மட்டும் நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

அன்று மாலை அவர் சட்டையைத் துவைக்க எடுத்தவள் நின்றுவிட்டாள்.

“இத்தனை வருஷம் டீசல் நாத்தம் துவைச்சிருக்கேன். இதுல புறா எச்சமும் சிமென்ட்டும் இருக்கு. மாடியில என்ன பண்ணிட்டு இருந்தீங்க?”

அவரால் பொய் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். அவள் திட்டியிருந்தால் தேவலை.

“அந்தப் பொண்ணு உங்களை நம்பித்தானே விட்டுட்டுப் போச்சு” என்றாள். “நாளைக்குப் போய்ச் சொல்லிடுங்க.”

“சொன்னா வேலை போயிடும்டி.”

“சொல்லலைன்னா?”

அவர் அந்தச் சட்டையை வாங்கித் தானே துவைக்கப் போனார்.

மறுநாள் அவசரமாகச் சங்கக் கூட்டம். பட்டப்பகலில் லிஃப்ட் நின்றது எல்லோர் வாயிலும் இருந்தது. இன்ஜினியர் எழுந்து கணக்குகளைக் காட்டினாள். “எங்கேயோ தப்பு நடந்திருக்கு சார். இன்னும் ஒரு மாசம் கொடுங்க” என்று கேட்டுப் பார்த்தாள். யாரும் கேட்கும் நிலையில் இல்லை.

செயலாளர் திரும்பினார். “டீசலு, கூடவே இருந்து பார்த்தவர் நீங்க. எண்ணெய்க்குப் பதிலா இதை நம்பலாமா, வேண்டாமா? நீங்க சொல்றதுதான்.”

மனைவியின் வேர்த்த முகம் கண்முன்னே வந்தது. உண்மை தொண்டைவரைக்கும் வந்தது. அப்புறம் முதல் தேதியும் வந்தது.

“மனுஷனை நம்பற மாதிரி அதை நம்ப முடியாது சார்” என்றார்.

கை தட்டினார்கள். இன்ஜினியர் மட்டும் அவரைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. தன்னிடம்தான் ஏதோ பிசகு என்று நினைப்பவளின் பார்வை அது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

இரண்டு நாள் கழித்துப் பலகைகளை இறக்கினார்கள். யாரும் கூப்பிடாமலே டீசல்காரர் போய் ஒவ்வொன்றாகத் தோள்கொடுத்து இறக்கினார். இறக்குவதற்கு முன் ஒவ்வொன்றையும் பளபளவென்று துடைத்தார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. வண்டி நிறைந்தது. இன்ஜினியர் அருகில் போய் நின்று, “அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்…” என்று இழுத்தார்.

“எனக்கும் உங்ககிட்ட ஒரு வேலை பாக்கி இருக்குண்ணா” என்று அவள் ஒரு தாளை நீட்டினாள். “இதுல ஒரு கையெழுத்து போட்டுடுங்க.”

“எதுக்கும்மா?”

“ரத்து பண்றதுக்குண்ணா. இது நல்லா ஓடினா இந்தத் தெருவுல இன்னும் பன்னெண்டு கட்டடத்துக்குப் போடறதா இருந்தோம், எல்லாத்தையும் பார்த்துக்க உங்களைத்தான் போடணும்னு நான் சொல்லி, உங்க பேருக்கு வேலை ஆர்டரே வந்துடுச்சு.”