பதினொன்றே போதும்

உலகமே கவிழ்ந்தாலும் அப்டேட் செய்வதில்லை என்று நான் முடிவெடுத்தது ஒரு திங்கட்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது. வாயில் நுரை இருந்ததால் அந்த வீரப் பிரகடனம் மனைவிக்குச் சரியாகக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது.

விஷயம் இதுதான். மழை பெய்தால் தெருத் தண்ணீர் எந்தக் குழாயில் நுழைந்து எங்கே போய்ச் சேரும் என்று கம்ப்யூட்டரில் மாதிரி செய்து பார்ப்பது என் தொழில். வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். மாதிரி செய்வது நான். அறிக்கை எழுதுவது, போனில் பேசுவது, என்னை அதட்டுவது எல்லாம் மனைவி. இந்த வேலைக்கென்று ஒரு சாஃப்ட்வேர் உண்டு. என்னிடம் இருந்தது பதினோராம் வெர்ஷன். உலகம் பதினாலுக்குப் போய்விட்டது.

தினமும் காலையில் திரையில் ஒரு கட்டம் எழும்பும். 'புதிய வெர்ஷன் தயார். இப்போதா, பிறகா?' நான் 'பிறகு' என்பதை அமுக்குவேன். கட்டம் மரியாதையாகப் போய்விடும். மனைவியிடம் அப்படி ஒரு பொத்தான் கிடையாது.

"ஏங்க, பதினாலுக்கு மாத்தியாச்சா?"

"பாதி வேலையில மாத்தினா விடை மாறிடும்மா."

"தப்பான விடைன்னா மாறத்தானே வேணும்?"

"எது தப்பு?"

"சாக்கடை மூடியைத் தூக்கிக்கிட்டு வெளிய வர்ற தண்ணி, உங்க பதினொண்ணுல எங்க போகுது?"

இது பதினொன்றின் பலவீனமான இடம். குழாய் நிரம்பித் தெருவுக்கு வந்த தண்ணீரை அது அப்படியே மறந்துவிடும். வந்தது, காணோம்.

"அது... கணக்கை விட்டுப் போயிடும்."

"கணக்கை விட்டுப் போகுது, பள்ளத் தெருவை விட்டுப் போகலையே! போன மழையில அங்க ஒரு பொம்பளை கட்டில் மேல அடுப்பை வச்சு சமைச்சிருக்கா. அவகிட்டப் போய் உங்க கணக்கைச் சொல்லுங்க."

நாங்கள் அப்போது செய்துகொண்டிருந்தது அந்தப் பள்ளத் தெருவின் வேலைதான். என்ன அளவில் குழாய் போடலாம் என்று நாங்கள் சொல்ல வேண்டும்.

"வடிகால் என்ஜினியர் கறாரா சொல்லிட்டார். வெள்ளிக்கிழமைக்குள்ள பதினாலுல செஞ்சு வரலைன்னா வேலை வேற ஆளுக்குப் போயிடுமாம். இது போனா நம்ம ஆபீஸை மறுபடியும் முன்னறைன்னு கூப்பிட வேண்டியதுதான்."

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். விடை மாறும் என்பதெல்லாம் மேல்பூச்சு. எனக்குப் பயம். பதினொன்றில் எது எங்கே இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பதினாலைத் திறந்து வைத்துக்கொண்டு, இந்த நரைத்த தலையோடு, ஒரு குழாய் வரைய வழி தெரியாமல் நான் விழித்தால்? அதுவும் எதிர் நாற்காலியில் மனைவி உட்கார்ந்திருக்கையில்? இந்த வீட்டில் அவளைவிட எனக்கு அதிகமாகத் தெரிந்த விஷயம் அது ஒன்றுதான். அதையும் இழந்துவிட்டு நான் எங்கே போவேன்?

அன்று மாலை முடிவெட்டிக்கொண்டு வந்தேன். தலை லேசானது. முடிவு மட்டும் அசையவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அந்தக் கட்டம் எழும்பவே இல்லை. என் உறுதியைப் பார்த்துப் பயந்துவிட்டது என்று நினைத்தேன். உற்சாகமாக மழையைக் கொட்டவிட்டேன். கம்ப்யூட்டரில்தான். குழாய் நிரம்பியது. மூடி எழும்பியது. தண்ணீர் தெருவுக்கு வந்தது. வந்த தண்ணீர் காணாமல் போகாமல், பள்ளத்தில் போய் நீலமாகத் தேங்கி நின்றது!

"இங்க வா! ஓடி வா!"

கையில் ஈரத் துணியோடு வந்தாள்.

"பாத்தியா? தண்ணி நிக்குது! இத்தனை வருஷமா இந்த வசதி உள்ளேயே ஒளிஞ்சிருந்திருக்கு. எதையோ அமுக்கினேன், வெளிய வந்துடுச்சு."

"எதை அமுக்கினீங்க?"

"அதெல்லாம் அனுபவம். சொன்னா புரியாது. பழசுக்குள்ள எவ்வளவு சரக்கு இருக்கு பாரு! இதைத் தெரியாம புதுசு வாங்கறவன் அடி முட்டாள்."

"ஆமாங்க" என்றாள்.

கணவன்மார்கள் கவனிக்கவும். மனைவி "ஆமாங்க" என்று சொன்னால் எழுந்து நின்று நாலு பக்கமும் பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை.

புதன்கிழமையும் கேட்டாள், "மாத்தியாச்சா?" என்று. வியாழக்கிழமையும் கேட்டாள். அவள் கடைக்குப் போன நேரத்தில் எனக்கு அந்த யோசனை உதித்தது. திரையில் சாஃப்ட்வேரின் சின்னத்துக்குக் கீழே 'பதினொன்று' என்று பெயர் இருக்கிறது. அதை அழித்து 'பதினாலு' என்று எழுதினால் யாருக்குத் தெரியும்? பதினொன்றில் செய்த கோப்பைப் பதினாலு முணுமுணுக்காமல் திறக்கும். அந்த என்ஜினியர் திறந்து பார்ப்பார், தலையாட்டுவார். முடிந்தது கதை.

எழுதினேன். மனைவி வந்ததும் கூப்பிட்டுக் காட்டினேன்.

"மாத்திட்டீங்களா!"

"பேரைப் படி."

"அட, பதினாலு! எப்படி இருக்கு?"

"பழகணும். எல்லாம் வேற மாதிரி இருக்கு. மூளை இல்லாதவன் கிட்டயே நெருங்க முடியாது."

"நீங்க நெருங்கிட்டீங்களே, எனக்கு அது போதும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். குரலில் கேலி இல்லை. ஏமாற்றுகிறோமே என்று எனக்கு நெஞ்சு லேசாக உறுத்தியது. சோற்றைக்கூட அரை வயிற்றுக்குத்தான் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை கோப்பு போனது. மத்தியானம் என்ஜினியரின் போன் வந்தது. மனைவி எடுத்து, "நீங்களே பேசுங்க" என்று என் காதில் வைத்துவிட்டாள்.

"சார், இது பதினாலுல செஞ்சதுதானே?"

முதுகில் வியர்வை ஓடியது. அதற்கு எந்த வடிகாலும் இல்லை.

"ஆ... ஆமாம் சார்."

"அதான் பாத்தேன். வெளிய வந்த தண்ணி தெருவுல எங்க எவ்வளவு நிக்குதுன்னு அழகா காட்டியிருக்கீங்க. பதினொண்ணுல தலைகீழா நின்னாலும் இது வராது சார். நீங்க சொன்ன பெரிய குழாயே போட்டுடறோம். அடுத்த மழைக்கு அந்தத் தெரு ஜனங்க தரையிலயே அடுப்பு வைக்கலாம்."

போனை வைத்தேன். மனைவி நாற்காலியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பதினொண்ணுல வராதாம்."

"வராதுங்க."

"ஆனா வந்துதே?"

"வந்தது பதினாலு. நீங்க முடிவெட்டப் போனப்ப போட்டு வச்சேன். பாக்கறதுக்குப் பழசு மாதிரியே இருக்கணும்னா பழைய முகப்பை வச்சுக்கலாம்னு அதுலயே ஒரு வசதி இருக்கு. அதைப் போட்டு, பேரையும் பதினொண்ணுன்னு எழுதிட்டேன்."

"என்கிட்ட சொல்லக் கூடாதா?"

"சொன்னா கை நடுங்கும் உங்களுக்கு. எனக்குத் தெரியாதா? தெரியாம ஓட்டினதால பாருங்க, ராஜா மாதிரி ஓட்டினீங்க."

"அப்புறம் எதுக்கு தினமும் 'மாத்தியாச்சா, மாத்தியாச்சா'ன்னு உயிரை எடுத்தே?"

"மாதிரி செஞ்சவர்கிட்டதான் பேசுவேன்னு என்ஜினியர் கேட்டா, நீங்கதானே பதில் சொல்லணும். பதினாலுன்னு உங்க வாயால வரட்டும்னுதான்."

கல்யாணமான நாளிலிருந்து நான் துணிந்து சொன்ன பொய் அது ஒன்றுதான். அதையும் அவள் முன்கூட்டியே உண்மையாக்கி வைத்திருந்தாள்.