வரியைக் கூட்டக் கோரும் மனு

பூலாங்குளத்து மடை உடைந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. மடை உடைந்தால் தண்ணீர் கடைசி வயலுக்கு எட்டாது. கடைசி வயல் முத்துநாயகத்துடையது. அவருக்கு மனு எழுதிக் கொடுத்தவன் நான்தான், மனு ஒன்றுக்கு இரண்டு சக்கரம் காசு. ஒவ்வொன்றுக்கும் 'பரிசீலனையில் இருக்கிறது' என்று பதில் வந்தது. மடை வரவில்லை.

அது முப்பதுகள், சமுதாயங்களின் காலம். நாலு பேர் சேர்ந்து நின்றால் சங்கம். ஐந்தாவதாக வந்தவர் தலைவர். எங்கள் ஊரிலும் இரண்டு சமுதாயங்கள் இருந்தன. பெயரைச் சொன்னால் என் மேல் வழக்கு வரும் என்பதால் மேலக்கரை, கீழக்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். நானும் முத்துநாயகமும் கீழக்கரை.

நம்ம ஆள் சட்டசபைக்குப் போனால்தான் மடை வரும் என்று இரண்டு கரையும் சொன்னது. ஆனால் வருஷம் ஐந்து ரூபாய் நிலவரி கட்டுகிறவனுக்குத்தான் ஓட்டு. மேலக்கரைக்கு நாற்பத்தொன்று, எங்களுக்கு முப்பத்தெட்டு. எங்கள் சங்கச் செயலாளர் பகவதியப்பன் இரண்டு நாள் யோசித்துவிட்டு முத்துநாயகத்தை என்னிடம் கூட்டிவந்தார்.

“வேய், உம்ம வயலு இருபூ, வருசம் ரெண்டு போகம் விளையுதுண்ணு ஒரு ஒப்பு போடும்.”

“ஒரு பூவுக்கே தண்ணி இல்ல. மடை ஒடைஞ்சுல்லா கெடக்கு?”

“அந்த மடையக் கெட்டத்தான் இந்த ஒப்பு. இருபூவுண்ணா வரி கூடும். வரி கூடினா ஓட்டு. ஓட்டு இருந்தா சபையில நம்மாளு.”

“மேலக்கரைக்காரன் ஜெயிச்சா?”

“உமக்குச் சொட்டுத் தண்ணி வராது.”

முத்துநாயகம் ஒப்புப் போட்டார். இன்னும் ஐந்து பேர் போட்டார்கள்.

தாசில்தார் தம் இருபத்தாறு வருஷ உத்தியோகத்தில் இப்படி ஒரு மனுவைப் பார்த்ததில்லை. ராஜத்துரோகமோ என்று முதலில் சந்தேகப்பட்டார். சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். வரியைக் கூட்ட மறுப்பதற்கு அதில் இடமில்லை. ஆகவே குடிகளின் பொறுப்புணர்ச்சியை மெச்சி, கேட்டபடியே கூட்டி உத்தரவிட்டார்.

மறுநாள் மேலக்கரைச் செயலாளர் சுயம்புலிங்கம் என்னிடம் பன்னிரண்டு மனு எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். தொழிலில் சமுதாயம் பார்க்கக் கூடாது.

அதன்பிறகு ஊரே வரிமேல் பித்துப் பிடித்து அலைந்தது. சங்கக் கூட்டத்தில் ஏழு ரூபாய்க்காரருக்கு நாற்காலி, ஐந்து ரூபாய்க்காரருக்குப் பெஞ்சு, மற்றவர்களுக்குத் தரை. பெண் கொடுக்கிறவர்கள், “மாப்பிளைக்கு என்ன வரி?” என்று கேட்டார்கள். மேலக்கரையில் ஒருவர் தம் பாறையையே இருபூ நஞ்சை ஆக்கினார்.

தேர்தலில் கீழக்கரை ஒரே ஓட்டில் ஜெயித்தது. அந்த ஓட்டு தன்னுடையதுதான் என்று முத்துநாயகம் சாகும்வரை நம்பினார்.

எங்கள் மெம்பர் சபையில் எழுந்து மடையைப் பற்றிக் கேட்டார். பதில் படிக்கப்பட்டது: “மேற்படி குளத்து வயல்கள் யாவும் இருபூ விளைவதாகக் குடிகளே கையொப்பமிட்டிருப்பதால், மடை பழுதென்பது நம்பத்தக்கதல்ல. கூடுதலாக வசூலான வரியைக் கொண்டு வட்டக்கோட்டைக் கடற்கரையில் உத்தியோகஸ்தர்கள் காற்று வாங்க ஒரு பங்களா கட்டப்படும்.”

மெம்பர் விடவில்லை. பங்களாவுக்குக் காவல்காரர் எந்தச் சமுதாயம் என்று கேட்டார். கீழக்கரை என்று பதில் வந்ததும் உட்கார்ந்தார்.

விளையாத இருபூவுக்கு முத்துநாயகத்தால் வரி கட்ட முடியவில்லை. வயல் ஏலத்துக்கு வந்தது. பகவதியப்பனே எடுத்தார். அன்று சாயங்காலம் சங்கக் கூட்டம். முத்துநாயகம் தரையில் இருந்தார். பகவதியப்பன் அவரைப் பார்த்துச் சொன்னார்:

“வெசனப்படாண்டாம். சுயம்புலிங்கம் கடைசி வரைக்கும் ஏலம் கேட்டான். நான் விடல்ல. வயலு வேற எங்கயும் போகல்ல வேய், நம்ம சமுதாயத்துக்குள்ளதான் இருக்கு.”

கூட்டம் கைதட்டியது. முத்துநாயகத்தைப் பார்த்தேன். அவரும் தட்டிக்கொண்டிருந்தார். நான் மட்டும் சும்மா இருந்தால் மேலக்கரைக்காரன் என்று நினைத்துவிடுவார்களே என்று நானும் தட்டினேன்.